பனிக்கட்டித் தளம் இல்லாமலே கர்லிங்கின் விளையாட்டு அறிவியலைப் பயில்வது எப்படி: கொழும்பு வாசகர்களுக்கான கையேடு

கர்லிங் என்பது பனிக்கட்டித் தளத்தில் கனமான கல்லை வழுக்கவிட்டு, அதன் முன்னால் பிரஷால் தேய்த்து, எதிர்முனையிலுள்ள இலக்கு வட்டத்தின் நடுவில் நிறுத்த முயலும் அணி விளையாட்டு. கர்லிங் தளம் எதுவும் கைக்கெட்டாத கொழும்பில் இருந்துகொண்டு அந்த விளையாட்டின் அறிவியலைக் கற்க முடியுமா என்று கேட்டால், பெரும்பகுதியைக் கற்க முடியும் என்பேன். பனிக்கட்டியின் மேல் கல் எப்படி வழுக்கும் என்ற தொடு உணர்வை மட்டும் இங்கே பெற முடியாது. வேகத்தை அளப்பது, உடலைத் தாழ்த்திச் சமநிலையில் நிறுத்துவது, பிரஷை அழுத்தித் தேய்ப்பது, மூச்சு வாங்கும் நிலையிலும் கையை நிதானப்படுத்துவது ஆகிய நான்கையும் ஒரு மாபிள் தரையிலேயே முறையாகப் பழகலாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர்களையும், பாடசாலை உடற்கல்வி ஆசிரியர்களையும், படிப்புக்காகவோ குடும்பத்தோடு சேர்வதற்காகவோ கனடாவுக்குப் புறப்பட இருப்பவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ரொறன்ரோவில் குளிர்காலத்தைக் கழிக்கப்போகும் ஒருவருக்கு, அந்நாட்டு மக்களோடு பழக இதைவிட நல்ல வாசல் அதிகம் இல்லை.

தேவையான பொருட்கள் குறைவு. ஏறத்தாழ 10 மீற்றர் நீளமுள்ள, காய்ந்த, வழவழப்பான தரை வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள தொடர்மாடியின் நடைக்கூடம், பாடசாலை மண்டபம், பழைய வீட்டின் மினுக்கிய சீமெந்து விறாந்தை ஆகிய எதுவும் பொருந்தும். அளவு நாடா, தரையில் ஒட்டும் தாள் நாடா, மெதுவசைவில் காணொளி எடுக்கக்கூடிய கைத்தொலைபேசி, ஊசி காட்டும் பழைய வகை உடல்நிறைத் தராசு, நீண்ட பிடியுள்ள தும்புத்தடி, தடித்த பருத்திக் காலுறை, ஒரு கண்ணாடித் தம்ளர், மணல் நிரப்பி அடியில் துணி ஒட்டிய பிஸ்கட் தகரப்பெட்டி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தகரப்பெட்டிதான் உங்கள் கல்.

முதலில் எண்களோடு பழகுங்கள்

பயிற்சியைத் தசையிலிருந்து தொடங்குவது பலரது வழக்கம். கர்லிங்கைப் பொறுத்தவரை அது தவறான இடம் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு சிறிய பிழை ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பதைக் கணக்கிட்டு உணராதவர், தேவையற்ற இடத்தில் பலத்தைச் செலவிடுவார்.

கர்லிங் தளத்தின் நீளம் 45.72 மீற்றர். அதன் இரு முனைகளிலும் 1.83 மீற்றர் ஆரமுள்ள இலக்கு வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவையும் ஊடறுத்துச் செல்வது ரீ கோடு. அதிலிருந்து தளத்தின் நடுப்பக்கமாக 6.40 மீற்றர் தள்ளி ஹொக் கோடு இருக்கிறது. வீரர் அருகிலுள்ள ஹொக் கோட்டைக் கல் அடைவதற்கு முன்னரே கையை விட்டுவிட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து எதிர்முனை ரீ கோடு வரை 28.35 மீற்றர். கைப்பிடியோடு சேர்ந்த கல்லின் திணிவு 17.24 கிலோகிராமுக்குக் குறையாமலும் 19.96 கிலோகிராமுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கல்லின் அடிப்பரப்பு குழிவானது; சில மில்லிமீற்றர் மட்டுமே அகலமான ஒரு வளையம்தான் பனிக்கட்டியைத் தொடுகிறது. தளமும் வழவழப்பானதன்று. ஆட்டத்துக்கு முன் அதன் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைப்பதால், பெபிள் எனப்படும் நுண்ணிய பனிமேடுகள் எங்கும் எழுந்திருக்கும்.

நல்ல தளத்தில், வட்டத்தின் நடுவில் வந்து நிற்கும் ஒரு கல் அந்த 28.35 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 25 செக்கன் எடுக்கிறது. அமர்முடுகல் சீரானது என்று கொண்டால், தொடக்க வேகம் தூரத்தின் இருமடங்கை நேரத்தால் வகுத்த அளவு. அதாவது செக்கனுக்கு 2.27 மீற்றர். அமர்முடுகலை ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால் உராய்வுக் குணகம் 0.009 அளவில் வரும். 19 கிலோகிராம் கல்லின் மீது செயற்படும் உராய்வு விசை 1.7 நியூற்றன் மட்டுமே. அக்கல் புறப்படும்போது அதனிடம் இருக்கும் இயக்கசக்தி ஏறத்தாழ 49 யூல். 5 கிலோ அரிசிப் பையை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கி வைக்கும் வேலை இவ்வளவுதான். உண்மையில் கல் மெதுவாகும்போது உராய்வு கூடுகிறது. ஆகவே இந்தக் கணக்கு ஓர் அண்ணளவே. ஆயினும் அது காட்டும் உண்மை மாறாது: எறிதலுக்குப் பலம் பெரிதாகத் தேவையில்லை.

தேவைப்படுவது நுட்பம். கல் செல்லும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகத்தில் ஒரு சதவீதம் பிழைத்தால் தூரத்தில் இரண்டு சதவீதம், அதாவது ஏறத்தாழ 57 சென்ரிமீற்றர், பிழைக்கும். இலக்கின் நடுவே உள்ள மிகச் சிறிய வட்டத்தின் ஆரமோ 15 சென்ரிமீற்றர்தான். மனிதக் கால் ஒவ்வொரு முறையும் ஒரு சதவீதத்துக்குள் ஒரே வேகத்தைத் தருவது மிகக் கடினம். அந்தப் பற்றாக்குறையை நிரப்புவதற்காகவே இருவர் பிரஷோடு கல்லின் முன்னால் ஓடுகிறார்கள் என்று புரிந்துகொண்டால், அடுத்துச் சொல்லப்போகும் பயிற்சிகள் எல்லாம் ஏன் இந்த வரிசையில் வருகின்றன என்பது விளங்கும்.

இப்போது உங்கள் தரையை அளவிடுங்கள். தரையில் ஒரு கோடு ஒட்டி, தகரப்பெட்டியைத் தள்ளி, கோட்டில் கையை விடுங்கள். கோட்டிலிருந்து பெட்டி நின்ற இடம் வரையுள்ள தூரத்தை நாடாவால் அளங்கள்; நேரத்தை நிறுத்தற்கடிகாரத்தால் எடுக்காமல் மெதுவசைவுக் காணொளியின் சட்டகங்களை எண்ணி எடுங்கள், ஏனெனில் பெட்டி ஒரு செக்கனுக்குள் நின்றுவிடலாம். தூரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து, பின் 9.8 ஆல் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். பெட்டியின் திணிவு இதில் வராது. மணலைக் கூட்டியும் குறைத்தும் செய்து பார்த்தால் மாணவர்கள் அதைத் தாங்களே கண்டுகொள்வார்கள். குணகம் 0.25 ஆக அமைந்த தரையில், கர்லிங் கல்லின் அதே தொடக்க வேகம் பெட்டியை ஒரு மீற்றருக்குச் சற்று மேலாகத்தான் கொண்டுசெல்லும். ஒரு மீற்றருக்கும் 28 மீற்றருக்கும் உள்ள இந்த இடைவெளியை வகுப்பறையில் ஒருமுறை காட்டிவிட்டால், உராய்வைப் பற்றிய நீண்ட விளக்கம் வேண்டியிராது.

கல் ஏன் வளைகிறது: தம்ளர் சோதனை

கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, வழவழப்பான மேசையில் இடஞ்சுழியாகச் சுழற்றியபடி முன்னோக்கித் தள்ளுங்கள். அது வலப்பக்கம் விலகும். உராய்வு அடியில் செயற்படுவதால் தம்ளர் முன்பக்கமாகச் சாய முற்படுகிறது. முன்விளிம்பில் அழுத்தம் கூடுகிறது. இடஞ்சுழியாகச் சுழலும்போது முன்விளிம்பு இடப்பக்கம் நகர்வதால், அங்கே கூடுதலாக இருக்கும் உராய்வு தம்ளரை வலப்பக்கம் தள்ளுகிறது. இதுவரை பாடப்புத்தகத்துக்குள் அடங்குகிறது.

கர்லிங் கல்லோ இதற்கு நேர் எதிராக நடக்கிறது. இடஞ்சுழியாகச் சுழலும் கல் இடப்பக்கமே வளைகிறது. தளத்தைக் கடந்து முடிப்பதற்குள் ஒரு மீற்றரோ அதற்கு மேலோ விலகுகிறது. முன்விளிம்பு கூடுதலாக அழுத்துவதால் அங்கே பனி சற்று வெப்பமடைந்து உராய்வு குறைகிறது, ஆகவே பின்விளிம்பின் உராய்வே மேலோங்குகிறது என்பது ஒரு விளக்கம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள்: கல்லின் முன்பகுதி பெபிள் மேடுகளில் சாய்வான நுண்கீறல்களை இடுகிறது, பின்பகுதி அவற்றின் மேல் செல்லும்போது அக்கீறல்களால் வழிநடத்தப்படுகிறது என்றார்கள். யப்பானின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிரோ முராட்டா 2022 இல் கல்லின் அசைவைத் துல்லியமாக ஒளிப்படமெடுத்து அளந்து, இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் உராய்வு சமமற்று இருப்பதும், கல் ஒரு புள்ளியைப் பற்றிக்கொண்டு திரும்புவதுமே காரணம் என்றார். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. கையில் கிடைக்கும் ஒரு தம்ளரைக் கொண்டு, இன்றும் ஆய்வாளர்கள் முரண்படும் ஒரு கேள்வியின் வாசல்வரை மாணவர்களை அழைத்துச் செல்ல முடிகிறது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. இதை ஒரு பாடவேளை முழுவதும் செய்யுங்கள், அவசரப்படவேண்டாம்.

எறிதல்: காலால் தள்ளி, கையால் வழிகாட்டுதல்

வலக்கையர் ஒருவர் ஹக் எனப்படும் இறப்பர் உதைபடியில் வலது காலை ஊன்றி, வழுக்கும் அடியுடைய சப்பாத்து அணிந்த இடது காலை உடலின் நடுவே கொண்டுவந்து, வலது காலால் உந்தி வழுக்கிச் செல்கிறார். கல்லுக்கு வேகம் தருவது அந்த உந்தல். கை கடைசியில் சுழற்சியை மட்டுமே சேர்க்க வேண்டும். கையால் தள்ளத் தொடங்கினால் வேகமும் திசையும் ஒருங்கே கெடும்.

சுவரோரம் காலை ஊன்றக்கூடிய இடத்தைத் தேர்ந்து, இடது காலில் மட்டும் காலுறை அணிந்து, வலது பாதத்தைச் சுவரின் அடியில் அழுத்திக் குந்துங்கள். மெல்ல உந்தி, இடது பாதம் மார்புக்கு நேர் கீழே வரும்படி வழுக்கி, வலது காலைப் பின்னால் நீட்டி, அந்த நிலையில் 10 செக்கன் நில்லுங்கள். முதல் சில வாரங்களுக்கு இடது கையை ஒரு தாழ்ந்த முக்காலியில் ஊன்றிக்கொள்வது நல்லது. உடல் நிறை பெட்டியின் மேல் சாயக்கூடாது. அதைச் சோதிக்க எளிய வழி, வழுக்கிக்கொண்டிருக்கும்போதே பெட்டியிலிருந்து கையை எடுப்பது: கையை எடுத்தவுடன் உடல் முன்னே விழுந்தால், நீங்கள் பெட்டியைத் தூணாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

இந்த நிலை இடுப்பு மடிப்பையும் உள்தொடைத் தசையையும் கடுமையாக இழுக்கும். முழங்காலும் கீழ்முதுகும் இவ்விளையாட்டில் அடிக்கடி வலிக்கும் பகுதிகள். எனவே ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிய பின்னரே தொடங்குங்கள். எறிதல் ஒருபக்கமானது என்பதால், பயிற்சியின் பாதியை மறுபக்கமாகவும் செய்யுங்கள். ஒரு காலின் உந்துதசைகள் மட்டும் வலுப்பது பின்னர் இடுப்பைச் சாய்க்கக்கூடும். மழைக்காலத்தில் கொழும்பின் மாபிள் தரைகள் ஈரப்பதத்தால் வியர்த்திருக்கும். அப்படியான நாளில் இப்பயிற்சியைத் தவிர்த்துவிடுங்கள்.

திசையைச் சரிபார்க்க, தரையில் நீளக் கோடு ஒட்டி, கைத்தொலைபேசியை எதிர்முனையில் தரைமட்டத்தில் வைத்துப் பதிவுசெய்யுங்கள். வலது முழங்கால், மூக்கு, பெட்டி ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலோரின் முழங்கால் வெளியே சாய்ந்திருக்கும். உந்தலின் திசை அங்கேதான் பிழைக்கிறது.

தேய்த்தல்: இந்தக் கையேட்டின் நடுப்பகுதி

ஒரு நல்ல சோடி தேய்ப்பதால் கல் மூன்று மீற்றர் வரை கூடுதலாகச் செல்ல முடியும். முன்னைய கணக்கில் 28.35 மீற்றரை 31.35 ஆக்குவதற்குச் சராசரி உராய்வு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும். பிரஷின் உராய்வு பெபிள் மேடுகளின் உச்சியைச் சற்று வெப்பமாக்குகிறது. அந்தச் சிறு வெப்பமே கல்லின் பாதையை எளிதாக்குகிறது. தேய்ப்பதால் கல் குறைவாக வளையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லை வேகப்படுத்த எவராலும் முடியாது; அது மெதுவாகும் வீதத்தைத்தான் குறைக்க முடியும்.

உண்டாகும் வெப்பம் இரண்டு அளவுகளின் பெருக்கத்தைப் பொறுத்தது: பிரஷின் மேல் கீழ்நோக்கிச் செல்லும் விசை, பிரஷ் அசையும் வேகம். இளைஞர்கள் இரண்டாவதை மட்டுமே கவனிப்பார்கள், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிகிறது. தராசின் மேல் தும்புத்தடியின் தலையை வைத்து, ஓடாமல் நின்ற நிலையில் அழுத்தி, ஊசி எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். நிமிர்ந்து நின்று கைகளால் மட்டும் அழுத்தினால் எண் ஏமாற்றமளிக்கும். கால்களைப் பின்னுக்கு வைத்து, குதிகாலைத் தூக்கி, இடுப்பை உயர்த்தி, தோளைத் தும்புத்தடியின் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கீழ்க்கையைப் பிடியின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி மறுபடி அழுத்துங்கள். உடல் நிறையின் ஒரு பகுதி பிடி வழியாக இறங்குவதை ஊசி உடனே காட்டும். பிடியின் சாய்வும் முக்கியமானது: பிடி வழியே செலுத்தும் விசை ஒன்றேயானாலும், தரையோடு 45 பாகை சாய்ந்தால் அதில் 71 சதவீதமும், 60 பாகையில் 87 சதவீதமும் செங்குத்தாக இறங்கும்.

அடுத்து, அதே உடல்நிலையில் தரையில் 20 செக்கன் தேய்த்து, மெதுவசைவுக் காணொளியில் செக்கனுக்கு எத்தனை வீச்சு என்று எண்ணுங்கள். தராசின் எண்ணையும் வீச்சு எண்ணையும் பெருக்கி ஒரு சுட்டெண்ணாகக் குறித்துவையுங்கள். 20 கிலோ அழுத்தத்தில் நான்கு வீச்சு 80. 30 கிலோவில் மூன்று வீச்சு 90. நின்றழுத்தும் விசையும் தேய்க்கும்போதுள்ள விசையும் ஒன்றல்ல என்பதால் இதை உண்மையான வலு என்று கொள்ளக்கூடாது. ஒரே ஆளின் முன்னேற்றத்தை வாரந்தோறும் பார்க்க மட்டுமே பயன்படுத்துங்கள். தேர்ந்த அணிகளுக்கு இதற்கென விசையுணரி பொருத்திய பிரஷ்கள் உண்டு. வீச்சு வேகத்துக்கும் அதன் இடம் உண்டு: செக்கனுக்கு 2.2 மீற்றர் செல்லும் கல்லின் முன் நான்கு வீச்சுத்தான் விழுகிறதென்றால், ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் கல் 55 சென்ரிமீற்றர் கடந்துவிடும். கல் மெதுவாகி ஒரு மீற்றர் வேகத்துக்கு வரும்போது அதே வீச்சுகள் 25 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நெருங்கிவிடுகின்றன.

பிரஷின் துணி எவ்வளவு பெரிய விடயம் என்பதை 2015, 2016 ஆண்டுகளில் எழுந்த சர்ச்சை உலகுக்குக் காட்டியது. சில புதிய துணிகள் பனியைக் கீறி, தேய்ப்பவர் விரும்பிய பக்கம் கல்லைத் திருப்பும் ஆற்றல் பெற்றிருந்தன. 2016 மே மாதத்தில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள கெம்ப்ட்வில் நகரில் ஆய்வாளர்களும் வீரர்களும் கூடிச் சோதித்த பின்னர், உலகக் கர்லிங் கூட்டமைப்பு பிரஷ் தலைகளுக்கு ஒரே தரத்தை விதித்தது.

உடல் தாங்கும் முறை

நால்வர் அணியில் ஒவ்வொருவரும் ஒரு சுற்றில் இரண்டு கற்கள் எறிகிறார்கள். முதலாமவரும் இரண்டாமவரும் தாம் எறியாத ஆறு கற்களுக்கும் தேய்க்க நேரலாம். ஆகவே உடலுக்கு வரும் வேலை நீண்ட ஓட்டமன்று. ஏறத்தாழ 20 செக்கன் கடும் உழைப்பு, பின் ஓய்வு, மறுபடி உழைப்பு என்ற அமைப்பு, இரண்டரை மணிநேரம் வரை. 20 செக்கன் முழு அழுத்தத்தில் தேய்த்து, 90 செக்கன் மெல்ல நடந்து, இதை ஆறு முறை செய்தால் ஒரு சுற்று. வாரத்தில் இரு நாள், இரண்டு சுற்றுகளில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

இங்கே கொழும்புக்கான எச்சரிக்கை ஒன்று அவசியம். கர்லிங் அரங்கின் காற்று குளிர்ந்தது. பனிக்கட்டியின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ். நம் மண்டபங்களில் 30 பாகையும் அதற்கேற்ற ஈரப்பதமும் இருக்கும். தோலைக் குளிர்விக்கவும் குருதியைச் செலுத்த வேண்டியிருப்பதால், அதே உழைப்புக்கு இதயத் துடிப்பு வீதம் இங்கே கூடுதலாகவே காட்டும். ஐரோப்பிய, கனேடிய வீரர்களின் துடிப்பு எண்களை இலக்காக வைத்துத் துரத்தாதீர்கள். விடியற்காலையில் பயிலுங்கள், தண்ணீரை அருகில் வையுங்கள், தலைச்சுற்றல் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி இதில் இறங்கவே கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துவது இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

தேய்த்து முடித்தவர் சற்று நேரத்தில் தானே எறிய வேண்டிவரும் என்பதுதான் இவ்விளையாட்டின் தனிச்சிறப்பான சிரமம். ஆகவே சுற்றின் ஆறாவது தேய்த்தலுக்குப் பின் 60 செக்கனுக்குள் பெட்டியின் அருகே குந்தி, நீண்ட மூச்சு இரண்டு மூன்று வெளிவிட்டு, தரையில் குறித்த கோட்டை நோக்கித் தள்ளுங்கள். ஓய்வான நிலையில் தள்ளியபோது பெட்டி நின்ற இடங்களையும் களைப்பில் நின்ற இடங்களையும் தனித்தனியே குறித்து ஒப்பிடுங்கள்.

கரம் ஆடுபவர்களுக்கு ஒரு குறிப்பு

கொழும்பில் கரம் தெரியாத வீடு குறைவு. மோதும் கோணத்தைக் கண்ணால் கணிக்கும் பழக்கம் கர்லிங்குக்கும் உதவும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. கரத்தில் ஸ்ட்ரைக்கரின் திணிவு 15 கிராம், காயினது ஏறத்தாழ 5 கிராம்; நேராக அடித்த பின்னும் ஸ்ட்ரைக்கர் முன்னே செல்லும். கர்லிங் கற்கள் ஏறத்தாழ சமதிணிவானவை. நேர் மொத்தலில் எறிந்த கல் அநேகமாக அங்கேயே நின்றுவிட, நின்ற கல் அதன் உந்தத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும்.

வேகத்தை மதிப்பிடும் கண்ணை வீட்டிலிருந்தே பழக்கலாம். ஒலிம்பிக்கில் 1998 நகானோ முதல் கர்லிங் தொடர்ந்து இடம்பெறுவதால், பார்க்கக் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. கல் முதல் ஹொக் கோட்டைக் கடக்கும்போது கடிகாரத்தைத் தொடங்கி, நிற்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் ஆடுபவர்கள்

2006 தூரின் பராலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட சக்கர நாற்காலி கர்லிங்கில் தேய்த்தல் கிடையாது. நின்ற நாற்காலியிலிருந்து, பெரும்பாலும் கல்லின் கைப்பிடியில் பொருந்தும் ஒரு தடியால், கல் தள்ளப்படுகிறது. பிழையைத் திருத்தப் பின்னால் எவரும் இல்லை என்பதால், வேகக் கட்டுப்பாட்டைக் கற்க இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் இல்லை. நடக்கக்கூடியவர்களும் இப்பயிற்சியைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். நாற்காலியின் தடையை இறுக்கி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, தடியால் தகரப்பெட்டியைப் பத்து முறை ஒரே கோட்டுக்குத் தள்ளுங்கள். பெட்டி நின்ற இடங்கள் எல்லாம் கோட்டுக்கு அப்பால் நெருக்கமாகக் குவிந்திருந்தால் வேகத்தை மட்டும் குறையுங்கள். கோட்டின் இருபுறமும் சிதறியிருந்தால் வேகத்தைத் தொடாமல், தோள் புறப்படும் இடத்தையும் தடியைப் பிடிக்கும் உயரத்தையும் ஒன்றாக வைத்து அடுத்த பத்தைத் தொடங்குங்கள்.